தோளைத் தொடும்வரை நிற்காத மணி

விஜயா வெங்காயம் நறுக்கும் சத்தத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று அந்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஒரு பேச்சு உண்டு. பென்டில் ஹில் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற இல்லம் அது. தொண்ணூறு பேருக்குச் சமைக்க வேண்டும். காலை ஆறரைக்குக் கத்தியை எடுத்தால் முதல் வெங்காயத்துக்கு விழுந்த அதே டக், டக், டக்தான் கடைசி வெங்காயத்துக்கும். கூடாது, குறையாது. ஒருமுறை ஃபயர் அலாரம் அடித்தபோதுகூடக் கையிலிருந்ததை நறுக்கி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அதற்காக மேனேஜரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டாள் என்பது வேறு கதை.

துறையூர்ப் பக்கம் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்போடு கல்யாணம் ஆகி, இன்ஜினியர் மகாதேவனின் விசாவில் ஒட்டிக்கொண்டு சிட்னி வந்தவள். கிரவீனில் வீடு. மகள் ஹம்சா யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம். அந்த வீட்டில் பாட்டுக்காரர் மகாதேவன். படிப்புக்காரி ஹம்சா. விஜயா யார் என்று கேட்டால், "அம்மாவா? அம்மா ஜால்ரா போடுவாங்க" என்பார்கள். அதுவும் ஒரு மாதத்துக்கு முன்புவரைதான்.

சனிக்கிழமை தோறும் சச்சிதானந்தன் வீட்டில் பஜனை நடக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஆர்மோனியம் வாசிப்பார். மகாதேவன் பாடுவார். விஜயா ஒரு மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பதினோரு வருடம் தாளம் போட்டாள். போன மாதம் ஒருநாள் சச்சிதானந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"விஜயா, குறை நினையாதேங்கோ. உங்கட தாளம் எப்பவும் ஒரே மாதிரிப் போகுது. ஒரு உயிர்ப்பு இல்லை. இந்தப் போன் ஆப்பைப் பாருங்கோ, தபேலாவும் சேர்ந்து வருது."

ஆர்மோனியத்தின் மேல் போன் ஏறியது. ஜால்ரா துணிப்பைக்குள் இறங்கியது. திரும்பி வரும்போது காரில் மகாதேவன் ஆறுதலாகத்தான் பேசினார். "விடு விஜி. இனிமே நிம்மதியா சுண்டலைப் பாத்துக்கலாம்ல?"

அந்த ஆறுதலுக்காக அவருக்குத் தொடர்ந்து மூன்று நாள் உப்புமா கிடைத்தது.

சமையலறையில் விஜயாவுக்கு எதிர் மேசையில் நின்று பூசணி சீவுகிறவள் யாவா. கானா நாட்டின் கிழக்குக் கடற்கரைக்காரி. வியாழக்கிழமை பிறந்த பெண்ணுக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். இருவருக்கும் ஒன்பது வருடப் பழக்கம். சமையலறை ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். இலக்கணம் இருவருக்குமே கிடையாது என்பதால் சண்டை வந்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை யாவா வந்தபோதே முகம் பூரித்திருந்தது. மகள் செலொமுக்குச் சனிக்கிழமை ஆண் குழந்தை. இரண்டு வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டான்.

"எட்டாம் நாள் வெளிய எடுத்துட்டு வந்து பேர் வைக்கணும். இந்தச் சனிக்கிழமை, காலையில. மேளம் கொட்டணும். அதுல ஒரு கஷ்டம் சிஸ்டர்."

"என்ன கஷ்டம்?"

"மணி அடிக்கிறவன் என் அக்கா பையன். பெர்த் பக்கம் சுரங்கத்துல வேலை. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் லீவு. பிள்ளை அவசரப்பட்டுட்டான். இருக்கிற ஆளெல்லாம் மேளத்துக்கே சரியாப் போச்சு."

விஜயாவுக்கு உள்ளே இருந்த புளிப்பு வெளியே வந்துவிட்டது. "அதுக்கென்ன, போன்ல போட்டு வெச்சுக்கலாமே. அதுக்குன்னு ஆப் இருக்கு."

யாவா பூசணியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க பாட்டுல ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு நிப்போம். போன் மேல எப்படிச் சாயறது? விழுந்துருவோம்ல!" பிறகு சிரிப்பை நிறுத்தி, விஜயாவின் கத்தியையே பார்த்தாள். "நீ அடிக்கிறியா?"

"நானா? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. என் தாளத்துல உயிரே இல்லையாம்."

"எந்தக் கழுதை சொன்னான்?"

"கணக்கு வாத்தியார்."

"ஒன்பது வருஷமா நீ வெங்காயம் நறுக்கறதக் கேட்டுக்கிட்டுத்தான் நான் பூசணி சீவறேன். எனக்குத் தெரியும். நாளைக்கு சாயங்காலம் வா."

வாராவாரம் நடக்கிற செவ்வாய்க்கிழமை ரிகர்சலுக்காக டூங்காபியில் யாவாவின் கராஜில் அன்று சாயங்காலம் ஆறு பேர் கூடியிருந்தார்கள். ஆள் உயர மேளம் ஒன்று சட்டத்தில் சாய்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் நடுத்தரமாக ஒன்று, சின்னதாக ஒன்று. சுரைக்குடுக்கைக்குப் பாசிமணியால் வலை பின்னி மாட்டிய கிலுக்கு. பெரிய மேளத்துக்காரர் யாவாவின் தம்பி எடெம். மெல்போர்ன் பக்கம் பொயிண்ட் குக்கில் கார் மெக்கானிக். சேதி கேட்டதும் அங்கிருந்து ஒரே மூச்சில் வண்டியோட்டி வந்திருந்தார். விஜயாவைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு அக்காவிடம் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மணி என்றால் கோயில் மணி மாதிரி நாக்கு வைத்த மணி இல்லை. கூம்பு மாதிரி இரண்டு இரும்பு, ஒன்று பெரிது, ஒன்று சின்னது, ஒரே பிடியில் ஒட்டியிருக்கும். குச்சியால் தட்ட வேண்டும். யாவா வாயாலேயே சொல்லிக்காட்டினாள்: "டங்... டிங்... டிங் டிங்... டிங்... டிங்... டிங்." ஏழு தட்டு. சில இடத்தில் இடைவெளி, சில இடத்தில் ஒட்டி வரும். முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும்.

"இதுல முதல் அடி எது?" என்று கேட்டாள் விஜயா. தாளம் போடுகிறவள் வேறு என்ன கேட்பாள்!

எடெம் தோளைக் குலுக்கினார். "கார் சக்கரத்துல முதல் எது? ஓடுதா, அவ்வளவுதான்."

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பர்ஸிலிருந்த மளிகைச் சீட்டின் பின்னால் கோடு போட்டுப் பார்த்தாள். ஒன்றும் கைக்கு வரவில்லை. யாவா சீட்டைப் பிடுங்கிவிட்டு, "கையை விடு. காலால நட" என்றாள். இருவரும் கராஜுக்குள் வட்டமாக நடந்தார்கள். நாலு அடி நடப்பதற்குள் ஏழு தட்டு. அப்போதுதான் விஜயாவுக்குப் பிடிபட்டது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே மூன்று எண்ணிக்கையாக ஒரு தகிட ஓடுகிறது. தகிட, தகிட, தகிட, தகிட. நாலில் இரண்டு அடி மணி சத்தம் போடாத இடத்தில் விழுகிறது. சத்தம் கையில், அடி காலில். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பாட்டு.

"அட, இது திரிஞ்ச பால் மாதிரி இருந்துச்சு. இப்பதான் உறை குத்தின மாதிரி சேருது" என்றாள் தமிழில். யாவாவுக்குப் புரியவில்லை. ஆனாலும், "அதேதான்!" என்றாள்.

கிலுக்கு சேர்ந்துகொண்டது. சுரைக்குடுக்கையின் கரகரப்பு மணியின் ஓரங்களைச் சுற்றிப் பற்றிக்கொண்டது. சின்ன மேளம் மணி விட்ட சந்துகளில் நுழைந்தது. நடு மேளம் பெரிய மேளத்துக்குப் பதில் சொன்னது. ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டால் தடுக்கி விழுவது மாதிரி இருந்தது. சேர்ந்தபோது நெய்த பாய் மாதிரி ஆகிவிட்டது. எடெம் வேண்டுமென்றே மணிக்குக் குறுக்கே அடித்தார், இழுத்தார், முந்தினார். மெக்கானிக் இல்லையா, எந்த போல்ட் தளர்வு என்று தட்டிப் பார்க்கிறார். விஜயா அசையவில்லை. அரை மணி நேரம் போனது. எடெமின் புருவம் கொஞ்சம் இறங்கியது.

அப்போது அவர் பெரிய மேளத்தில் ஒரு சொற்கட்டை வாசித்தார். மறுபடி அதையே வாசித்தார். மூன்றாவது தடவையும் வாசித்து ஓங்கி ஒரு அறை கொடுத்தார்.

விஜயா சட்டென்று நிறுத்தினாள்.

கராஜே கவிழ்ந்தது. கிலுக்கு ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். ஆடிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள்.

"யார் செத்தாங்க? ஏன் நிறுத்தினீங்க?" என்றார் எடெம்.

"நீங்கதானே முடிச்சீங்க!"

"நான் எங்க முடிச்சேன்?"

"மூணு வாட்டி வாசிச்சீங்களே. மூணு வாட்டி வந்தா முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்?"

பஜனைக்குப் போகிற யாருக்கும் இது சொல்லித் தர வேண்டியதில்லை. கடைசி வரியை மூன்று முறை பாடினால் பாட்டு முடிந்தது. மிருதங்கமானாலும் தவிலானாலும் மூன்று முறை தீர்மானம் வைத்தால் கை நிற்க வேண்டும். பதினோரு வருடத்தில் விஜயாவின் கை ஒருநாளும் மூன்றாவது முறையைத் தாண்டிப் போனதில்லை. அதை அவள் விளக்கிச் சொன்னபோது யாவா சுவரில் சாய்ந்து சிரித்தாள். எடெம் சிரிக்கவில்லை.

"அக்கா, இவங்க சரிவர மாட்டாங்க. சனிக்கிழமை பேரை எத்தனை தடவை கூப்பிடுவோம்? மூணு. மூணாவது தடவை மேளமெல்லாம் நிப்பாட்டுவோம். மணி மட்டும்தான் ஓடும். அங்க இவங்க நிறுத்திட்டா?"

யாவா விஜயாவிடம் திரும்பி மெதுவாக விளக்கினாள். அது அவர்கள் குடும்பத்து வழக்கம். பிள்ளை தன் பேரை முதல்முதலாகக் கேட்கிறபோது உலகம் நின்றுவிடக் கூடாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை வந்து அதில் சேர்ந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் அந்த மணி. அம்மாவின் சாமான்களோடு யாவா கானாவிலிருந்து கொண்டுவந்தது. அவளுக்கும் அதை அடித்துத்தான் பேர் வைத்தார்கள், செலொமுக்கும் அப்படித்தான்.

விஜயா குச்சியைக் கீழே வைத்தாள். "வேற யாரையாவது பாத்துக்கயேன் யாவா. உன் பேரன் விசேஷம். நான் கெடுத்துட்டா?"

"வெள்ளிக்கிழமைவரை பாப்போம். ஒண்ணே ஒண்ணு நினைவு வெச்சுக்கோ. யார் என்ன வாசிச்சாலும், எத்தனை தடவை வாசிச்சாலும், நான் வந்து உன் தோளைத் தொடறவரை நிறுத்தாதே."

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னதும் ஹம்சா தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, சீரியஸ்லி, இட்ஸ் ஜஸ்ட் எ ஹேபிட். உடைச்சிரலாம். அப்பா கடைசி வரிய மூணு வாட்டி பாடட்டும். நீ நிறுத்தாம போ. ஓவர் அண்ட் ஓவர்."

மகாதேவன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் தடவை மூன்றாவது வரி முடிந்ததும் விஜயாவின் கை தானாக நின்றது. இரண்டாம் தடவையும் நின்றது. பத்தாம் தடவை நிற்காமல் போனது. ஆனால் அடி தவறியது. ஸ்டீல் டம்ளரும் கரண்டியும்தான் மணி. புதன், வியாழன், வெள்ளி என்று அந்த வீட்டில் பஜனை நூறு தடவை முடிந்தது. ஒரு தடவைகூட ஆரம்பிக்கவில்லை.

"மங்களம் பாடிப் பாடி எனக்கே மங்களம் பாடிருவீங்க போலிருக்கே. தொண்டை போச்சுடி!"

"ஆறுதல் மட்டும் நல்லா சொல்லத் தெரியுதுல்ல? பாடுங்க."

வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகையில் பத்துக்கு ஏழு தடவை தாண்டினாள். எடெம் அக்காவைப் பார்த்தார். யாவா, "மீதி மூணை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கராஜ் கதவை இறக்கினாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பிளாக்டவுனில் ஒரு ஹால். வெள்ளையும் நீலமும் உடுத்திய நூறு பேர் கூடியிருந்தார்கள். மகாதேவன் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கச்சேரி கேட்கிற தோரணையில் கண்ணை மூடி உட்கார்ந்தார். கராஜில் ஒற்றைக் காலில் நின்ற அந்த அம்மாள் விஜயாவிடம் வந்து கவலையோடு விசாரித்தாள்.

"உன் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கார். ரசிக்கிறார்."

"உக்காந்தா?"

அவ்வளவுதான். நாற்காலி சுவரோரம் போனது. மகாதேவனின் ஒரு கையில் ஒரு கிலுக்கைத் திணித்தார்கள். இன்னொரு கையை யாரோ பிடித்துக்கொண்டார்கள். அந்த ஹாலில் கேட்கிறவர் என்று தனியாக ஒரு ஆளும் கிடையாது. பாடலாம், தட்டலாம், ஆடலாம், குறைந்தபட்சம் வாய்விட்டுக் கத்தலாம். சும்மா இருக்க மட்டும் முடியாது.

விஜயா மணியை எடுத்தாள். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முதல் தட்டைப் போட்டாள்.

டங்... டிங்... டிங் டிங்...

கிலுக்கு வந்தது, சின்ன மேளம் வந்தது, நடு மேளம் வந்தது. கடைசியாக எடெம் தன் பெரிய மேளத்தோடு கதவைத் திறந்துகொண்டு வருகிறவர் மாதிரி வந்தார். யாவா ஒரு வரியை எடுத்துவிட்டாள். அவள் முடிப்பதற்குள்ளேயே ஹால் பதிலைப் பிடித்துக்கொண்டது. எழுதிவைத்த பாட்டு இல்லை அது. பதில் ஒன்றுதான், கேள்வியை அவள் அங்கேயே கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பெட்ரோல் தீர்ந்த மருமகனைப் பாடினாள், ஹால் சிரித்துக்கொண்டே பதில் சொன்னது. பிரசவம் பார்த்த நர்ஸைப் பாடினாள். திடீரென்று அடுத்த வரிக்குள் "விஜயா" என்று கேட்டது. பக்கத்தில் வந்த ஹம்சா காதில் கத்தினாள்: "அம்மா! வெங்காயக்காரி விஜயான்னு பாடறாங்களாம்! கேட்டுட்டு வந்தேன்!"

நூறு பேர் விஜயாவைப் பார்த்துப் பதில் பாடினார்கள். பஜனையில் பதினோரு வருடம் உட்கார்ந்தும் அவள் பேர் எந்தப் பாட்டிலும் வந்ததில்லை. கண் கலங்கியது. கை கலங்கவில்லை.

பிறகு உள் அறைக் கதவு திறந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையோடு செலொம் வந்தாள். குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் அவனை வாங்கி, வாசல் பக்கம் கொண்டுபோய், சிட்னி வெயிலில் ஒரு நிமிடம் காட்டிவிட்டுத் திரும்பினார். மேளங்கள் அடங்கி ஓடின.

"க்வாமி!" என்றார். சனிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளை. ஹால் பதில் கொடுத்தது.

"க்வாமி!" மறுபடி பதில்.

அடுத்தது மூன்று.

"க்வாமி!"

பெரிய மேளம் ஓங்கி ஒரு அறை அறைந்து நின்றது. நடு மேளம் நின்றது. சின்ன மேளம், கிலுக்கு எல்லாம் நின்றன. பதினோரு வருடத்து மங்களம் அத்தனையும் விஜயாவின் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, 'முடிஞ்சுது, வை' என்றது. குச்சி ஒரு மயிரிழை தயங்கியது.

அவள் கையைப் பார்க்கவில்லை. காலை எடுத்து வைத்தாள். தகிட. மணி சத்தம் போடாத இடத்தில் கால் விழுந்தது. அடுத்த அடி, தகிட. கால் போன இடத்துக்குக் கை தானாக வந்து சேர்ந்தது.

டிங் டிங்... டிங்... டிங்... டிங்...

அத்தனை பெரிய ஹாலில் அந்த ஒரு மணி மட்டும் தனியாக நடந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. வெயிலைப் பார்த்து முகம் சுளித்திருந்த க்வாமி வாயைத் திறந்து ஓவென்று ஒரு குரல் கொடுத்தான். அழுகைதான். ஆனால் எடெம் அதைப் பிள்ளையின் பதிலாக எடுத்துக்கொண்டு மேளத்தில் பாய்ந்தார். ஹாலே அவர் பின்னால் பாய்ந்தது. பாயும்போது அவர் விஜயாவைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார். போல்ட் இறுகிவிட்டது என்று மெக்கானிக் தரும் சர்டிபிகேட்.

அதற்குப் பிறகு யார் யாரோ ஆடினார்கள். மேளக்காரர்கள் கை மாறினார்கள். எடெமே பெரிய மேளத்தை செலொமின் கணவனிடம் கொடுத்துவிட்டுத் தட்டில் சோறு வாங்கப் போனார். மகாதேவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, தப்பான இடத்திலெல்லாம் கைதட்டி ஆடிக்கொண்டிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. தக்காளிச் சோறு மணத்தது, கோழி மணத்தது. மேளங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மணி மட்டும் ஓயவில்லை.

விருந்தினரைக் கவனிக்கிற மும்முரத்தில் இருந்த யாவா, கால் மணி நேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினாள்.

"இன்னும் யார் அடிக்கிறது? சிஸ்டர்! சாப்பிட வா! ஏன் இன்னும் அடிக்கிறே?"

"நீ தோளைத் தொடலையே!" என்றாள் விஜயா, அடி தவறாமல்.

யாவா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு செலொமிடம் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்தாள். துணியை விலக்கி, க்வாமியின் காலை எடுத்து, பட்டாணி பட்டாணியாக விரல் இருந்த அந்தப் பாதத்தை விஜயாவின் தோளில் வைத்தாள்.

விஜயா நிறுத்தினாள்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் சச்சிதானந்தன்.

"பிள்ளை விஜயா, போன கிழமை பஜனை நடுவில எனக்கொரு போன் கோல் வந்து ஆப் நிண்டு போச்சு. பாட்டு எல்லாம் குழம்பிப் போச்சு, உங்களுக்குத் தெரியும்தானே. இண்டைக்குப் பின்னேரம் தாளத்தைக் கொண்டு வாறீங்களோ?"

விஜயா கணவரைப் பார்த்தாள். அவருக்குக் குரலே எழும்பவில்லை.

"இன்னைக்கு முடியாது சச்சி அண்ணா. பாடறவருக்குத் தொண்டை போச்சு. எனக்குக் கை வலிக்குது. அடுத்த வாரம் வர்றேன்" என்றவள், கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா செவ்வாய்க்கிழமை மட்டும் கூப்பிடாதீங்க. எனக்கு ரிகர்சல் இருக்கும்."

பச்சை விழுந்தது. மகாதேவன் வண்டியை எடுத்தார். விஜயாவின் விரல் கதவு ஓரத்தில் ஏழு தட்டுத் தட்டியது. விரல் தட்டாத இடங்களில் பின் சீட்டில் ஹம்சாவின் கால் விழுந்தது.